ராமன் கேட்ட ஒலி

திருச்சி புத்தூரில் அரசு மருத்துவமனையைச் சுற்றி எத்தனை ஸ்கேன் மையங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற மாதம் அவற்றுள் ஒன்றின் சிறிய அறையில், என் அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு வயது 74. புகையிலையைத் தொட்டறியாதவர். லால்குடிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், ஜன்னலில்லாத சமையலறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விறகும் வறட்டியும் எரித்துச் சமைத்தவர். எரிவாயு அடுப்பு வந்தபோது அவரது நுரையீரல் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர்கள் பெயர் சொன்னது பிறகுதான். 2016-இல் இந்தியாவில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக ஒரு விரிவான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் புகை பிடிக்காதவர்கள் ஏராளம்.

குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனை அக்காவுக்குப் பழகிப்போனது. இம்முறை மருத்துவர் வேறொன்றைப் பார்க்க விரும்பினார். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை விரித்தாற்போல் இருக்கும் உதரவிதானம் என்ற தசையைப் பார்க்க வேண்டும் என்றார். நாம் இழுக்கும் மூச்சின் பெரும்பகுதி வேலையைச் செய்வது அதுதான். நுரையீரல் அடைப்பு நோயில் காற்று முழுவதுமாக வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. நுரையீரல் உப்பி, கீழேயுள்ள தசையை அழுத்துகிறது. குடையின் வளைவு தட்டையாகிறது. ஏற்கெனவே குறுகிப்போன தசைக்கு மேலும் சுருங்க இடம் குறைவு. ஊதும் பரிசோதனை காற்றின் கணக்கைச் சொல்லும். காற்றை இழுக்கும் தசை எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

வலப்புற விலா எலும்புகளுக்குக் கீழே பசையைத் தடவி, கருவியை வைத்தார் மருத்துவர். மனிதச் செவிக்கு எட்டாத மீயொலி உடலுக்குள் சென்று எதிரொலியாகத் திரும்புகிறது. தசையிலும் ஈரலிலும் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்து இயந்திரம் தூரத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. காற்று அதற்கு எதிரி. காற்று நிறைந்த நுரையீரலை ஒலி ஊடுருவாது. அதனால் ஈரலையே ஜன்னலாக வைத்து, கீழிருந்து மேலே பார்க்கிறார்கள். திரையில் வெண்மையான வளைகோடு ஒன்று மூச்சோடு ஏறி இறங்கியது. ஆரோக்கியமானவர்கள் ஆழ்ந்து மூச்சிழுத்தால் அக்கோடு 5 சென்டிமீட்டருக்கு மேல் நகரும். அக்காவுக்கு 3 சென்டிமீட்டரைத் தொடவில்லை. பிறகு வேறொரு கருவியை விலாப்பக்கம் வைத்து, இரண்டு வெண்கோடுகளுக்கு இடையே கறுப்புப் பட்டையாகத் தெரிந்த தசையின் தடிமனை அளந்தார். மூச்சை விட்ட நிலையில் 1.8 மில்லிமீட்டர், முழுமையாக இழுத்த நிலையில் 2.2. அதாவது தசை 22 சதவீதம் தடிக்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே போனால் தசை செயலிழந்து வருவதாகக் கொள்கிறார்கள்.

ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, பத்து நிமிட வேலை. வெளியே வந்து காருக்காகக் காத்திருந்தபோது, இங்கிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் வரும் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த ஒருவரை நினைத்துக்கொண்டேன். சந்திரசேகர வெங்கட ராமன் என்றால் நமக்கு ஒளி நினைவுக்கு வரும். ஆனால், அவர் தம் ஆய்வு வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் பெரும்பகுதியைச் செலவிட்டது ஒலிக்காக. மீயொலிக்கும் ஒளிக்கும் இடையிலான உறவை விளக்கியவர்களுள் அவர் முதன்மையானவர் என்பது பாடநூல்களில் அவ்வளவாக இடம்பெறாத செய்தி. அந்த ஸ்கேன் கருவியை அவர் கண்டுபிடித்தார் என்று சொல்ல வரவில்லை. அதன் பரம்பரை வேறு: பிரான்சில் கியூரி சகோதரர்கள் 1880-இல் படிகங்களில் கண்ட மின்பண்பு, முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட லாஞ்செவின் அமைத்த ஒலிக்கருவி, 1958-இல் கிளாஸ்கோவில் அயன் டொனால்ட் வெளியிட்ட மருத்துவப் படங்கள். ராமன் அந்தப் பரம்பரையில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எனலாம்.

ராமன் பிறந்தது தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில். அந்தப் பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரி, நியாய சாஸ்திரம் கற்பதற்காக இளமையில் வங்கத்துக்கு நடந்தே சென்றவர் என்பார்கள். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர், வயலின் வாசிப்பவர். 1892-இல் அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் பணி கிடைத்ததால் குடும்பம் அங்கே பெயர்ந்தது. ஆகவே, காவிரிக்கரையில் ராமன் வாழ்ந்தது சில ஆண்டுகளே. பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் இளங்கலை, 1907-இல் முதுகலை. முதல் ஆய்வுக் கட்டுரை 1906-இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு.

அக்காலத்தில் இத்தகைய மாணவன் இங்கிலாந்து செல்வதுதான் வழக்கம். மருத்துவப் பரிசோதனை தடுத்துவிட்டது. இந்த மெலிந்த உடம்பு இங்கிலாந்தின் குளிரைத் தாங்காது என்று சென்னையின் சிவில் சர்ஜன் தீர்ப்பளித்தார். அந்த உடம்பு எண்பத்திரண்டு வயது வரை தாங்கியது என்பது வேறு விஷயம்.

அடுத்து எஞ்சியிருந்தது அரசுப் பணி. இந்திய நிதித் துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1907-இல் கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்காயராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் லோகசுந்தரியை மணந்தார்; அவர் வீணை வாசிப்பவர். தந்தையின் வயலினும் மனைவியின் வீணையும் ஆய்வுப் பொருளாயின என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். அவரது கட்டுரைப் பட்டியலைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

டிராமில் அலுவலகம் சென்றபோது பௌபஜார் தெருவில் ஓர் அறிவிப்புப் பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. கட்டடமும் கருவிகளும் இருந்தன. ஆய்வு செய்ய ஆள் இல்லை. அடுத்த பத்தாண்டுகள் விடியற்காலையில் கழகம், பகலில் கணக்காயர் அலுவலகம், மாலையிலிருந்து இரவு வரை மீண்டும் கழகம். உதவிக்கு அசுதோஷ் தே என்ற ஒருவர் மட்டுமே. இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலானபோதும் ஆய்வு நிற்கவில்லை.

நாற்பதாண்டு காலம் பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் எனக்கு இங்கே ஒரு சந்தேகம் எழுவதுண்டு. ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்திக் கருவியைப் பற்றி 1909-இல் அவர் கட்டுரை எழுதினார். அடுத்து வில் போட்டு இழுக்கும் தந்தி எவ்வாறு அதிர்கிறது, செல்லோவில் சில இடங்களில் ஓலமிடும் 'ஓநாய்ச் சுரம்' ஏன் வருகிறது என்றெல்லாம் ஆராய்ந்தார். 1918-இல் வயலின் குடும்பக் கருவிகளைப் பற்றி ஒரு நூலளவுக்கு எழுதினார். வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் அளப்பதற்கு, தானே வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றையும் அமைத்தார். இவற்றுக்கு நிதி கோரி ஒரு விண்ணப்பம் நிதித் துறையின் மேசைக்கு வந்திருந்தால், கணக்காயர் ராமன் என்ன குறிப்பு எழுதியிருப்பார்? பொதுப் பயன் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். நல்ல வேளையாக அவர் யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை. தம் ஓய்வு நேரத்தைக் கொடுத்தார்.

1917-இல் அசுதோஷ் முகர்ஜி அழைத்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி. சம்பளம் ஏறத்தாழப் பாதி. அப்பதவிக்கு வருபவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற வேண்டும் என்று விதி இருந்தது. முன்பு போக விரும்பியபோது தடுக்கப்பட்டவர், இப்போது போக மறுத்தார். விதி தளர்த்தப்பட்டது.

என்னைப் பொறுத்தவரை ராமனின் ஒலி ஆய்வுகளில் அழகானது மிருதங்கத்தைப் பற்றியது. இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை; அதனால்தான் மேலை நாட்டு முரசுகளில் இரைச்சல் மிகுதி. நம் மிருதங்கத்தின் வலந்தலையில் 'சோறு' என்று கறுப்பாகப் பூசுகிறார்களே, அது தோலின் எடையை நடுவிலிருந்து விளிம்புக்குப் படிப்படியாக மாற்றுகிறது. அதனால் ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைவான சுரங்களாகத் திரள்கின்றன. 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இதைச் சுருக்கமாக அறிவித்தவர், 1934-இல் விரிவாக நிறுவினார். தோலின்மீது நுண்மணலைத் தூவித் தட்டினார். அதிரும் இடங்களிலிருந்து மணல் விலகி, அதிராத கோடுகளில் சேர்ந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒன்றைப் பார்க்க முடிந்தது. கணிதம் அறியாத கைவினைஞர்கள் செவியை மட்டுமே நம்பிக் கண்டடைந்த தீர்வு என்பதை அவர் மறைக்கவில்லை. பெருமிதத்தோடு பதிவு செய்தார்.

தம்புராவும் வீணையும் 1921-இல் வந்தன. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடம் அசையாப் புள்ளியாக இருக்க வேண்டிய மேற்சுரங்கள் கேட்காது என்பது மேலை நாட்டு விதி. நம் கருவிகளில் அவை கேட்கின்றன. தந்தி தொட்டும் தொடாமலும் தழுவிச் செல்லுமாறு குதிரையின் மேற்பரப்பை வளைத்துச் செதுக்கியிருப்பதே காரணம் என்றார் ராமன். அதே ஆண்டு முதன்முறையாகக் கடல் கடந்து லண்டன் சென்றவர், புனித பால் பேராலயத்தின் கிசுகிசுக்கும் மாடத்தில் நின்று சோதனை செய்தார். பின்னர் பீஜப்பூரின் கோல் கும்பஸிலும் செய்தார். ஜெர்மானியர்கள் வெளியிட்ட இயற்பியல் பெருங்களஞ்சியத்தில் இசைக்கருவிகளைப் பற்றி எழுதும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. 1927-இல் அது வெளிவந்தது.

அந்தக் கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் திருப்பியது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து நடத்திய ஆய்வுகள் 1928 பிப்ரவரி 28-இல் முடிவுக்கு வந்தன. 1930-இல் நோபல் பரிசு. ஆண்டுதோறும் தேசிய அறிவியல் நாளில் பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் கதை என்பதால் நீட்டவில்லை. கிருஷ்ணனின் பங்கு போதிய அளவில் நினைக்கப்படவில்லை என்று கருதுவோர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன்.

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அவரது வாழ்வின் கசப்பான ஆண்டுகள் அங்கே தொடங்கின. அந்த ஆண்டில்தான், பம்பாயிலிருந்து முதல் வகுப்பில் தேறி வந்த கமலா பாக்வத்துக்கு, பெண் என்ற காரணத்தால் இடம் மறுத்தார். அப்பெண் அங்கிருந்து நகர மறுத்தார். ஓராண்டு பார்க்கலாம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார் ராமன். ஓராண்டுக்குப் பிறகு அவரது மனம் மாறியது. பெண்களுக்கு அந்நிறுவனத்தின் கதவு திறந்தது. பின்னாளில் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற கமலா சொஹோனி இவரே. அன்னா மாணி போன்றவர்கள் 1940-களில் ராமனின் ஆய்வகத்திலேயே பணிபுரிந்தார்கள். மாறினார் என்பதற்காக முதலில் செய்தது இல்லையென்று ஆகிவிடாது. ராமனைப் போற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

நிர்வாகத்திலும் அவர் எளிய மனிதர் அல்லர். இயற்பியல் துறைக்குப் பணத்தைத் திருப்புகிறார், மற்றத் துறைகளைப் புறக்கணிக்கிறார் என்று புகார்கள் எழுந்தன. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய மாக்ஸ் பார்னை நிரந்தரமாக நிறுவனத்தில் அமர்த்த முயன்றார், அது நிறைவேறவில்லை. 1936-இல் விசாரணைக் குழு ஒன்று அவருக்கு எதிராக அறிக்கை தந்தது. 1937-இல் இயக்குநர் பதவியிலிருந்து விலகி, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார்.

இந்தப் புழுக்கத்துக்கு நடுவே, 1935-இலும் 1936-இலும், நாகேந்திர நாத் என்ற இளைஞருடன் சேர்ந்து ஐந்து கட்டுரைகள் எழுதினார். மூன்றாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் டிபையும் சியர்ஸும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும் ஒரு விந்தையைக் கண்டிருந்தார்கள். மீயொலி பாயும் திரவத்தின் குறுக்கே ஒளிக்கற்றையைச் செலுத்தினால் அது பல கற்றைகளாகப் பிரிகிறது. ஏன் இத்தனை கற்றைகள், அவற்றின் பிரகாசம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பது விளங்கவில்லை. ராமனும் நாத்தும் தந்த விளக்கம் எளிமையானது. ஒலி செல்லும்போது திரவத்தில் அடர்த்தியான அடுக்கும் தளர்ந்த அடுக்கும் மாறி மாறி அமைகின்றன. அடர்ந்த அடுக்கில் ஒளி சற்றுத் தாமதமாகிறது, தளர்ந்த அடுக்கில் முந்துகிறது. தட்டையாக உள்ளே போன ஒளியலை, வெளியே வரும்போது தகரக் கொட்டகையின் கூரைபோல் நெளிந்து வருகிறது. அந்த நெளிவுதான் கற்றைகளாகப் பிரிகிறது. எந்தக் கற்றைக்கு எவ்வளவு பிரகாசம் என்பதையும் அவர்கள் கணக்கிட்டுத் தந்தார்கள். சூரிச்சில் பார் என்பவர் செய்த சோதனையோடு அது ஒத்துப்போனது.

மணலுக்குப் பதிலாக இம்முறை ஒளி. தோலுக்குப் பதிலாகத் திரவம். கேட்க முடியாத ஒலியையும் பார்க்க முடிந்தது. இன்றைக்கும் அத்துறையில் 'ராமன்–நாத்' என்பது அன்றாடச் சொல். லேசர் ஒளியை ஒலியால் திசைதிருப்பும் கருவிகளை விளக்க அது தேவைப்படுகிறது. மீயொலிக் கருவிகள் வெளியிடும் ஒலி எங்கே எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதை, தண்ணீர்த் தொட்டியில் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் முறைகளுக்கும் அதுவே அடித்தளம். பக்கத்து வீட்டுக்காரர் என்று நான் சொன்னது இதனால்தான்.

1948-இல் பணி ஓய்வு பெற்று, தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். 1954-இல், ராஜாஜியோடும் ராதாகிருஷ்ணனோடும், முதல் பாரத ரத்னா. அரசுப் பணம் வாங்கினால் அரசு கேட்கும் கணக்கும் சேர்ந்து வரும் என்பதால் அதை ஒதுக்கியே வைத்தார். கணக்காயராக இருந்தவருக்குத் தெரியாதா? கடைசி ஆண்டுகளில் வைரம், பூக்களின் நிறம், கண் பார்வை என்று தனியாக ஆராய்ந்தார். உலகம் அவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. 1970-இல் ஆய்வகத்திலேயே சரிந்து விழுந்தார். இதயம் தளர்ந்திருந்தது. மருத்துவமனையில் பிழைத்து எழுந்தவர், அங்கே இருக்க மறுத்துத் தம் நிறுவனத்தின் தோட்டத்துக்குத் திரும்பினார். நவம்பர் 21 அன்று காலமானார். சடங்குகள் இல்லாமல் அந்தத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அந்த இடத்தில் நினைவுக்கல் கிடையாது. ஒரு மரம் நிற்கிறது.

புத்தூரில் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். இந்தக் கருவி சிறியது, மடிக்கணினி அளவுதான். நெஞ்சக நோய்ப் பிரிவில் நோயாளியின் கட்டிலருகே ஒன்றை வைத்துக்கொள்ளலாமே? பதிவும் அனுமதியும் வேண்டும் என்றார். கருவிலிருக்கும் குழந்தையின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், ஒவ்வொரு மீயொலிக் கருவியையும் அதை இயக்குபவரையும் பதிவேட்டில் கொண்டுவந்தது. கருவியை இடம் மாற்றவும் கட்டுப்பாடு உண்டு. சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் சிசுவுக்கு இம்மாநிலத்தில் என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்த தலைமுறை நான். ஆனால், பிறக்கும் முன்பே பெண்ணைத் தேடி அழிக்கப் பயன்பட்டதால் பூட்டி வைக்கப்பட்ட கருவி, சமையற்கட்டில் புகையைக் குடித்து முதுமையில் மூச்சுக்குத் திணறும் பெண்ணின் கட்டிலுக்கு எளிதில் வந்து சேராது. விலா எலும்புக்கு மேலே மட்டும் பார்க்கும் கருவிக்கெனத் தனி வழி ஒன்றைச் சட்டத்துக்குள்ளேயே வகுக்க முடியாதா என்பதை அதிகாரிகள் யோசிக்கலாம்.

அக்காவுக்கு உள்ளிழுக்கும் மருந்து மாற்றிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தினமும் இருபது நிமிட நடை. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடும் பயிற்சி. மூன்று மாதங்கள் கழித்து அதே இடத்தில் அதே தசையை மறுபடி அளப்பார்கள். 22 என்ற எண் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று அப்போது தெரியும்.

கார் காவிரிப் பாலத்தைக் கடந்து திருவானைக்காவல் வழியாகத்தான் லால்குடிச் சாலைக்குப் போக வேண்டும். கோயில் கோபுரம் தெரிந்தபோது ராமன் பிறந்த ஊர் இது என்று அக்காவிடம் சொன்னேன். எந்த ராமன் என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மருத்துவர் காட்டிய மாதிரி உதட்டைக் குவித்து, ஒன்று இரண்டு என்று விரல்விட்டு எண்ணியபடி மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.